குன்னூர், கோத்தகிரி இரண்டையும் டிக் செய்தால் ஒரு தங்குமிடமும் வராதது பற்றி

வணக்கம். நீலகிரி தங்குமிடத் தளத்தில் இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் காலியாகிறது, மொபைலில் ஒவ்வொரு டிக்குக்கும் பக்கம் மறுபடி லோடு ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் கோளாறு தர்க்கத்தில் இருக்கிறது: டிக் செய்த இரண்டு ஊரும் சேர்ந்து பொருந்தும் வீட்டைத் தளம் தேடுகிறது. எந்த வீடும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஒரே நேரத்தில் இருக்காது. ஊர் என்ற பிரிவுக்குள் 'அல்லது' வேண்டும். ஊர், வாடகை போன்ற பிரிவுகளுக்கு இடையேதான் 'மற்றும்'. ஆனால் வசதிகள் பிரிவு விதிவிலக்கு. வெந்நீரும் கார் நிறுத்த இடமும் கேட்பவருக்கு இரண்டுமே வேண்டும், அங்கே உள்ளேயும் 'மற்றும்' போடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதில் எத்தனை தங்குமிடம் என்ற எண்ணிக்கையைக் காட்டுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குன்னூரை டிக் செய்ததும் கோத்தகிரிக்கு 0 என்று காட்டினால், அதை யாரும் தொடவே மாட்டார்கள். ஊர்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஊர்த் தேர்வை மட்டும் விட்டுவிட்டு, மற்ற தேர்வுகளை வைத்துக் கணக்கிட வேண்டும். தேடல் மென்பொருள்களான எலாஸ்டிக்சர்ச்சில் போஸ்ட் ஃபில்டர் (எண்ணிக்கை கணக்கிட்ட பிறகு வடிகட்டுவது), சோலரில் (Solr) ஒரு தேர்வுக்கு டேக் வைத்து அதைக் கணக்கிலிருந்து எக்ஸ்க்ளூட் செய்யும் வசதி ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. உண்மையிலேயே 0 வந்தால் மறைக்காமல் மங்கலாக்குங்கள். வரிசை இடம் மாறினால் விரல் தவறும்.

மொபைலுக்கு, எல்லா டிக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கீழே '12 இடங்களைக் காட்டு' என்று ஒரே பட்டன் போதும். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இது பெரிய நிம்மதி. தேர்வுகளை யூஆர்எல்லில் வைத்துவிடுங்கள்; பின்னால் போய் வந்தாலும் அழியாது, வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பவும் முடியும்.