தூதரகம் ஒயின் விற்குமா?

"சரக்கை விற்பது வியாபாரி, இதில் தூதரகத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மால்டோவாவைப் பாருங்கள்.

சோவியத் உடைந்தபோது 1991-ல் தனி நாடானது, ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில். ஒயின்தான் பெருமை, ஆனால் அதில் பெரும்பகுதி ரஷ்யா ஒன்றுக்கே போய்க்கொண்டிருந்தது. 2006-ல் தரம் சரியில்லை என்று ரஷ்யா தடை போட்டது. அப்புறம் 2013 செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் நெருங்கும் நேரம் பார்த்து மறுபடியும் தடை. தரம் என்பது சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கேதான் அரசின், அதன் தூதரகங்களின் வேலை வருகிறது. திராட்சைத் தோட்டக்காரர் எவ்வளவு நல்ல ஒயின் செய்தாலும், இன்னொரு நாட்டின் சுங்க வரியை அவரால் பேசிக் குறைக்க முடியாது. மால்டோவா பேசியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2014 ஜூனில்தான், ஆனால் ஒயினுக்கு மட்டும் அந்த ஜனவரி 1 முதலே ஐரோப்பியச் சந்தை வரியில்லாமல் திறந்துவிட்டது. 2013 டிசம்பரில் வந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரியை எங்கே கூட்டிப்போனார்கள் தெரியுமா? கிரிகோவா ஒயின் நிலவறைக்கு! பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் அது, உள்ளே தெருக்களுக்கே ஒயின் பெயர்கள். கேமராக்கள் பின்னாலேயே வரும், விளம்பரச் செலவு மிச்சம்.

ஆனால் கதவைத் திறப்பதோடு தூதரகத்தின் வேலை முடிகிறது; உள்ளே போகச் சரக்குதான் தேற வேண்டும். இறைச்சி, பால் பொருட்களுக்குச் சுகாதாரச் சோதனையில் தேற வேண்டியிருந்ததால், அதே ஒப்பந்தம் இருந்தும் பல வருடம் காத்திருந்தார்கள்.