பிரேக் மிதித்தால் கார் உதறுகிறது: கேள்வி பதில்

சேலம்: அண்ணா, ஏற்காடு போய் இறங்கியதிலிருந்து, 80-இல் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பிரேக் பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் கோளாறு பெரும்பாலும் முன் சக்கரத்தில்தான், அதுவரை அவர் சொன்னது சரி. ஆனால் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, வார்ப்பிரும்பு. ஒரு மலையிறக்கத்துச் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலிருந்து கால் எடுக்காமல் இறங்கினால், டிஸ்க்கை இறுகப் பிடிக்கும் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி, பேடின் உராய்வுப் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்தி பெடலை அழுத்தியபடியே நின்றால், பேட் பட்ட இடம் அச்சுக் குத்தியதுபோல் பதிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தடிப்பு வரும்போது பிடி கூடும், போனதும் குறையும். தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் போதும், கையில் தெரியும். தலைமுடியில் பாதிகூட இல்லை அது!

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வராதபோது, 60-லிருந்து 15 வரை ஓரளவு அழுத்திப் பிரேக் பிடியுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. இப்படி எட்டு, பத்து முறை. பிறகு பத்து நிமிடம் முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். படிவு லேசானதென்றால் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் லேத்தில் கொடுத்து டிஸ்க்கைச் சீவலாம். இதற்கு மேல் தேயக் கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சீவிய பிறகு அதைவிட மெலியும் என்றால் மட்டும் புதிது வாங்குங்கள்.

மதுரை: புது டிஸ்க், புது பேட் போட்டு 5,000 கி.மீ. நன்றாக ஓடியது. இப்போது மறுபடி உதறல். மட்டமான டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்களா சார்?

டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் அது உட்காரும் இடத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஜோடி டிஸ்க்கோடு என்னிடம் ஒரு வண்டி வந்தது. கழற்றிப் பார்த்தால் ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பாகம்) முகத்தில் உளுந்தந்தோல் அளவுக்கு ஒரு துரு. புது டிஸ்க்கை அதன் மேலேயே மாட்டியிருந்தார்கள். நடுவில் இருக்கும் துரு சிறிதானாலும் வெளி ஓரத்தில் ஆட்டம் பெரிதாகும். ஆடும் டிஸ்க், பிரேக் பிடிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும். அதனால்தான் மாட்டிய அன்று ஒன்றும் தெரியாமல், சில ஆயிரம் கி.மீ. கழித்து உதறல் வருகிறது.

ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, டிஸ்க்கை மாட்டி, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் டிஸ்க் மாற்றாதீர்கள் என்பேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். ஏர் கன்னால் வீல் நட்டை 'டர்ர்' என்று ஒரே மூச்சில் முடுக்கினால் ஒரு நட் அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இறுகி டிஸ்க்கைக் கோணலாக்கும். எதிரெதிராகக் கையால் முடுக்கி, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அடுத்து காலிப்பர் பின், அதாவது பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி. ஒரே சக்கரத்தில் உள் பேடும் வெளி பேடும் வேறு வேறு தடிமனில் தேய்ந்திருந்தால் அந்தக் கம்பி இறுகிக் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம். அதைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும்.

கோவை: எனக்கு 90-ஐத் தொட்டாலே ஆட்டம், பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

வீல் பேலன்சிங் பாருங்கள். டயர் எங்காவது புடைத்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பிரேக்கில் கை வைக்கவே வேண்டாம்.

திருச்சி: ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது. சீட்டும் பெடலும்தான் துடிக்கின்றன. பின்னால் டிரம் பிரேக்.

டிரம் மேல், அதாவது உள்ளே லைனர் விரிந்து உரசும் வட்டக் கிண்ணத்தின் மேல், எனக்குச் சந்தேகம். காலி மைதானத்தில் 30 வேகத்தில், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்தியபடியே மெதுவாக இழுங்கள். அதே துடிப்பு வந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியா? லைனர் ஒட்டிய இடத்தில் துரு பிடித்தாலும் இப்படித்தான் துடிக்கும்.

சென்னை: மணல் கிடந்த இடத்தில் அவசரமாக மிதித்தேன், பெடல் 'கடகட'வென்று காலை உதைத்தது. பயந்து காலை எடுத்துவிட்டேன்.

அது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்கிற சத்தம். அடுத்த முறை காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்.

மறுபடி சேலம்: படிவு போய்விட்டது அண்ணா, நன்றி! இதே உதறலோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

லேசான உதறல் என்றால் பட்டறை வரை ஓட்டலாம். ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பெடல் கீழே இறங்கினால், ஒரு சக்கரம் மட்டும் தீய்ந்த வாசனையோடு கொதித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிரேக் எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் லோயர் ஆர்ம் புஷ்ஷை (முன் சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பரை) பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் சின்ன நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அடுத்த முறை ஏற்காடு போனால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.