தண்ணீர் தந்த பிளவு

அன்புள்ள ஐயா,

டிசம்பர் 26 என்றால் நமக்குச் சுனாமிதான். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2003இல் அதே தேதியில், ஈரானின் பாம் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்ததை அண்மையில்தான் அறிந்தேன். உயிரோட்டமுள்ள நிலப்பிளவின் மேல் போய் ஊர் கட்டியிருக்கிறார்களே, அவ்வளவு பெரிய பாலைவனத்தில் வேறு இடமா இல்லை?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

இல்லை. தண்ணீர் அங்கேதான் இருந்தது.

பாம் லூத் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கிறது. ஆண்டு மழை ஒரு சாண்கூடத் தேறாது. மலையில் விழும் நீர் மண்ணுக்குள் இறங்கிப் பாலையை நோக்கி நகரும். வழியில் நீங்கள் சொன்ன நிலப்பிளவு குறுக்கிடும். நிலத்தின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகரும் பிளவு அது. உரசிய இடத்தில் பாறை மாவாகிக் களிமண்போல் இறுகிவிடும். அதைத் தாண்ட முடியாமல் நீர் தேங்கி மேலேறும். பூமிக்குள் ஓர் அணை என்று வையுங்கள்.

அந்த நீரை எடுக்கத்தான் கனாத் வெட்டினார்கள். மேட்டில் ஆழக் கிணறு தோண்டி, நீர் கண்டதும் அங்கிருந்து தாழ்ந்த நிலத்துக்கு மெல்லச் சரியும் சுரங்கம். வழிநெடுக மண் அள்ளக் குழிகள். நீர் தானே நடந்து வயலுக்கு வரும், இறைக்க வேண்டாம். நம் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கறுத்த, மெத்தென்ற ஈரான் பேரீச்சை இருக்கிறதே, விரலால் அழுத்தினாலே தோல் வழன்று வருமே, அந்த மசாஃபத்தி ரகத்துக்குப் பேர்போன ஊர் பாம்.

அங்கே ஊர் கட்டியவர்களை அறியாமையில் போய் மாட்டியவர்களாக என்னால் பார்க்க முடியவில்லை. பதிவான வரலாற்றில் அதற்குமுன் பாமை அழித்த நிலநடுக்கம் கிடையாது. பாட்டன் பூட்டன் கண்டதெல்லாம் தண்ணீரைத்தான்.

அன்று விடியற்காலை 5:26. நிலநடுக்கத்தின் அளவு 6.6. வெளியே தெரிந்த பழைய பிளவுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, நகருக்கு நேர்கீழே நிலம் நழுவியது; செயற்கைக்கோள் ரேடார் படங்களில்தான் அது தெரியவந்தது. கொன்றது வீடுகள். பச்சைச் செங்கல் சுவர், அதன்மேல் கனத்த மண்கூரை. கான்கிரீட் இடிந்தால் இடுக்கில் கொஞ்சம் காற்றாவது மிஞ்சும். மண்வீடு பொடியாகி, தூங்குகிறவர் மூக்கையும் வாயையும் அடைத்துவிடும். சுமார் 26,000 பேர். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. உங்கள் கோபம் கூரையின்மேல் இருக்கட்டும், ஊர் அமைந்த இடத்தின்மேல் வேண்டாம்.

பேரீச்சை மரங்கள் நின்றன. கனாத்துகள் பல இடங்களில் தூர்ந்துபோயின. உயிர் தப்பியவர்களுக்கு அந்த நீரைவிட்டால் வேறு கதி இல்லை. திரும்பவும் குழிக்குள் இறங்கி மண்ணை வாரினார்கள்.