போர் நினைவுகளைப் பதிவு செய்ய...

கேள்வி: 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பங்கேற்ற முன்னாள் படைவீரர்கள் டிசம்பர் 16, வெற்றி நாளன்று எங்கள் ஊரில் கூடுகிறார்கள். அவர்கள் சொல்வதை எப்படிப் பதிவு செய்வது?

பதில்: கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிடுங்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டபின் அடுத்தவரின் நினைவும் அதை ஒட்டியே நகரும். இது பெரிய இழப்பு. மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காமல் சேமிக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) கோப்பே நல்லது. "போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பேச்சு வராது. அவர் இருந்த பகுதியின் வரைபடத்தை விரித்து, "எந்த இடத்தில் இருந்தீர்கள் ஐயா?" என்று தொடங்குங்கள். எண்பதைத் தொட்டவர்கள், 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் அப்படியே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். ஒலிப்பதிவுக்கும் படங்களுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வெளியூரில் வையுங்கள்.