“என்பிஏவே விட்டுவிட்டதே, எனக்கு மட்டும் ஏன் தடை?”: மகனின் கேள்வியால் கலங்கிய ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தொழில்முறை லீக்குகள் வீரர்களுக்குக் கஞ்சாவைத் தடை செய்ய வேண்டுமா என்பது ஒன்று. அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்து ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிக்க முயலும் உங்கள் பதினெட்டு வயது மகன் அதைத் தொடலாமா என்பது இன்னொன்று. “என்பிஏவே தடையை எடுத்துவிட்டது, அப்புறம் என்ன பயம்?” என்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கைக் காட்டி அவன் கேட்கும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறான். பிரித்துப் பார்த்தால், முதல் கேள்வியில் நான் பெரும்பாலும் அவன் பக்கம். இரண்டாவதில் முழுக்க உங்கள் பக்கம்.

அவன் சொல்லும் தகவல் சரிதான். 2023-இல் என்பிஏ நிர்வாகமும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கஞ்சா தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முன் முதல் முறை சிக்கினால் சிகிச்சைத் திட்டம், இரண்டாம் முறை 25,000 டாலர் அபராதம், மூன்றாம் முறை ஐந்து ஆட்டங்களுக்குத் தடை என்று இருந்தது. அமெரிக்க பேஸ்பால் லீக் 2019 டிசம்பரிலேயே நீக்கிவிட்டது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் இன்னும் பரிசோதிக்கிறது, ஆனால் 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு பரிசோதனையில் சிக்கியதற்காக மட்டும் யாரையும் ஆட்டத்திலிருந்து நிறுத்துவதில்லை.

இவர்கள் இறங்கி வந்ததற்குக் காரணம் உண்டு. தொழில்முறை ஆட்டம் என்பது ஆண்டு முழுக்க வலியோடு வாழ்வது. அந்த வலிக்குப் பல காலமாகக் கொடுக்கப்பட்டவை ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மாத்திரைகள். 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பந்துவீச்சாளர் டைலர் ஸ்காக்ஸ் 27 வயதில் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். உடலில் ஃபென்டனில், ஆக்சிகோடோன் என்ற இரண்டு ஓபியாய்டுகளும் மதுவும் இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் பேஸ்பால் லீக் ஓபியாய்டுகளைப் பரிசோதனைக்குள் கொண்டுவந்து, கஞ்சாவை மதுவைப் போல நடத்த முடிவு செய்தது. உயிரைப் பறிக்கும் மருந்தைச் சட்டைப்பையில் அனுமதித்துவிட்டு, கஞ்சா புகைத்தவரைத் தண்டித்துக்கொண்டிருந்தது எவ்வளவு தலைகீழான நிலை!

பரிசோதனையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. மது சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுகிறது. தொடர்ந்து பயன்படுத்துபவர் நிறுத்திப் பல வாரங்கள் ஆன பிறகும் சிறுநீரில் அதன் மிச்சம் தெரியலாம். ஆட்டத்தன்று போதையில் இருந்தாரா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. போதையில் மைதானத்துக்கோ பயிற்சிக்கோ வருபவரைத் தடுக்க வேண்டும், அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். என்பிஏ இந்த அதிகாரத்தை இப்போதும் கையில் வைத்திருக்கிறது. விடுமுறையில் என்ன செய்தார் என்று சிறுநீரைத் துருவி, வயதுவந்த ஒருவரின் வேலையைப் பறிக்க வேண்டியதில்லை. லீக்குகள் பற்றி என் முடிவு இதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. பிள்ளைகள் வீரர்களைப் பார்த்து வளர்கிறார்கள், விதி தளர்ந்தால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். உங்கள் மகன் அதைத்தான் செய்கிறான்.

அவனிடம் கேளுங்கள்: அந்தத் தளர்வு யாருக்குக் கிடைத்தது? சங்கம் பேரம் பேசி, தன் உறுப்பினர்களுக்கு வாங்கிக் கொடுத்தது அது. என்பிஏ வீரர் ஒருவருக்குப் பின்னால் சங்கம், வழக்கறிஞர், ஏஜென்ட், அணி மருத்துவர் என்று ஒரு படையே நிற்கிறது. உங்கள் மகனுக்குப் பின்னால் இப்போது நீங்கள் மட்டும்தான் நிற்கிறீர்கள். என்பிஏவை அடையும் முன் அவன் ஏற வேண்டிய படிகள் ஒவ்வொன்றிலும் விதி வேறு.

கல்லூரிப் படியை எடுத்துக்கொள்வோம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ, முதல் பிரிவு அணிகளுக்கான தடைப் பட்டியலிலிருந்து 2024 ஜூனில் கஞ்சாவை எடுத்துவிட்டது உண்மை. ஆனால் கல்லூரிகள் தமக்கென்று தனிப் பரிசோதனையும் தனி ஒழுங்கு விதியும் வைத்துக்கொள்ளலாம். ஸ்காலர்ஷிப்பைக் கொடுப்பதும் நிறுத்துவதும் கல்லூரிதான். அதனால் கையெழுத்திடும் முன் அந்தக் கல்லூரியின் மாணவ வீரர் கையேட்டை வாங்கி, போதைப்பொருள் பற்றிய பக்கத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள்.

அடுத்தது விசா. எனக்குப் பெரிய கவலை இதில்தான், பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கஞ்சா கடையில் கிடைக்கும். ஆனால் மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள், விசா மத்திய அரசின் கையில் இருக்கிறது. உடன் ஆடும் அமெரிக்க மாணவனுக்குச் சாதாரண விஷயமாகப் போவது, வெளிநாட்டு மாணவனுக்கு நாட்டுக்குள் திரும்ப முடியாத நிலையாக மாறலாம். பயன்படுத்தினேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்கப்படக்கூடும். அறைத் தோழன் செய்கிறான் என்பது அங்கே பதிலாகாது.

நாட்டின் எல்லை எவ்வளவு கொடூரமாக இருக்கலாம் என்பதற்கு பிரிட்னி கிரைனரைப் பாருங்கள். அமெரிக்காவுக்காக இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த கூடைப்பந்து வீராங்கனை. ரஷ்ய அணிக்கு ஆடப் போனபோது, 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் அவரது பையில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்ததாகக் கைது செய்தார்கள். ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை. அந்த டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். அவருக்காக ஒரு நாட்டின் அதிபரே பேசினார். கூடைப்பந்து வீரர்கள் பல நாட்டு லீக்குகளுக்குப் போய்ப் பிழைப்பவர்கள். அவன் தொழிலின் பெரும்பகுதி என்பிஏவுக்கு வெளியே அமையவும் நிறைய வாய்ப்பு உண்டு.

நாட்டுக்காக ஆடினால் இன்னொரு விதிப் புத்தகம். சர்வதேசக் கூடைப்பந்து, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலைப் பின்பற்றுகிறது. அதில் டிஎச்சி போட்டிக் காலத்தில் தடை. போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்கே அந்தக் காலம் தொடங்கிவிடும். 2013-இல் சிறுநீரில் அனுமதிக்கும் அளவை மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமிலிருந்து 150 ஆக உயர்த்தினார்கள். ஆனால் 2022-இல் மறு ஆய்வு செய்த பிறகும் தடையை எடுக்கவில்லை. அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சன் 2021 ஜூனில் ஓரிகான் மாநிலத்தில் நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 100 மீட்டரை 10.86 வினாடியில் ஓடி முதலிடம் பெற்றார். அந்த மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி செல்லும். பெற்ற தாய் இறந்த செய்தியை ஒரு நிருபர் வாயால் கேட்ட துயரத்தில் கஞ்சா எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். ஒரு மாதத் தடைதான். ஆனால் தேர்வுப் போட்டி முடிவு ரத்தாகி, டோக்கியோ ஒலிம்பிக் கை நழுவியது. அந்தத் தண்டனை எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. விதி நியாயமா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்கையில் ஒலிம்பிக் முடிந்துவிடும் என்பதைத்தான் உங்கள் மகன் இதில் பார்க்க வேண்டும். அவர் 2023-இல் உலக சாம்பியனாக மீண்டு வந்தார். அவரிடம் அந்த அளவு வேகம் இருந்தது.

பரிசோதனையே இல்லாமலும் விழலாம். 2016-இல் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்ட் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன், கல்லூரி வீரர் லாரமி டன்சில் முகமூடி வழியாகக் கஞ்சா புகைக்கும் பழைய காணொளி அவருடைய ட்விட்டர் கணக்கிலேயே வெளிவந்தது. முதல் சில இடங்களுக்குள் போவார் என்று பேசப்பட்டவர் 13-ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். முதல் ஒப்பந்தத்தில் பல லட்சம் டாலர் அந்த ஒரு மாலையில் போனது.

உடல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுவரை நடக்கிறது. அந்த வயதுக்குள் தொடர்ந்து பயன்படுத்துவது நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கிறது. போதையில் எதிர்வினை மந்தமாகும். பந்தைக் கண்டவுடன் கை போக வேண்டிய ஆட்டத்தில் இது சின்ன இழப்பு இல்லை. “சிபிடி எண்ணெய் தடை இல்லை” என்று, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதை தராத அந்தப் பொருளை யாராவது விற்க வந்தாலும் வேண்டாம். சிபிடி 2018 முதல் தடைப் பட்டியலில் இல்லை, சரி. ஆனால் 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களில் 18-இல் டிஎச்சி இருந்தது. சோதனையில் சிக்கினால் லேபிளைக் காட்டித் தப்ப முடியாது. உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு.

இதையெல்லாம் நீங்கள் ஒரே மூச்சில் அவனிடம் கொட்டினால் கதவைச் சாத்திக்கொள்வான். முதலில் லீக் விஷயத்தில் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள், நானே சொன்னதாகச் சொல்லுங்கள். அப்புறம் மெதுவாகக் கேளுங்கள்: முழங்காலில் வலி இருக்கிறதா? ஆட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கம் வருகிறதா? தேர்வாளர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் படபடப்பா? ஒரு பையன் இந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப எடுத்தால், பெரும்பாலும் இவற்றில் ஒன்று உள்ளே இருக்கும். வலி என்றால் விளையாட்டு மருத்துவரிடம் போங்கள். எந்த மருந்து எழுதினாலும் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள், இருந்து அது தவிர்க்க முடியாததென்றால் சிகிச்சைக்கான விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி உண்டு. தூக்கமோ படபடப்போ என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டான் என்று தெரிந்தால் கத்த வேண்டாம், நிறுத்த உதவி தேடுங்கள். விண்ணப்பங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவன் குறித்து வைத்திருக்கும் கல்லூரிகளின் பெயர்களை அனுப்புங்கள், ஒவ்வொன்றின் விதியையும் அவனோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.