பழைய வீட்டுக்கு சிமெண்ட் பூச்சு எதுக்கு? – வாசகர் கடிதம்

வணக்கம் சார். எங்க அம்மாவோட தாத்தா கட்டின வீடு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப யாரும் குடியில்ல. நானும் அண்ணனும் சேர்ந்து சரி பண்ணி, நாலஞ்சு ரூம வெளியாளுங்க தங்கறதுக்கு விடலாம்னு ஒரு ஐடியா. மேஸ்திரி வந்து பாத்துட்டு, ஓதம், அதான் தரை ஈரம், சுவர்ல ஏறிப்போச்சு, கீழ நாலடிக்கு பழைய பூச்ச கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசிடலாம்ங்கறார். இன்ஜினியர் ஒரு பழைய போட்டோவ வச்சுக்கிட்டு, அப்ப இருந்த மாதிரியே பண்ணித் தரேன்ங்கறார். அம்மா என்னடான்னா, எங்கப்பாவும் அம்மாவும் படுத்திருந்த ரூம்ல முன்ன பின்ன தெரியாதவங்க படுக்கறதான்னு கேக்கறாங்க. யார் பேச்ச கேக்கறது? பேர் மட்டும் போட வேண்டாம்.

*

வணக்கம்மா,

மூணு பேர்ல அம்மா பேச்சத்தான் கேக்கணும், அதுக்கு அப்புறம் வரேன். மொதல்ல மேஸ்திரிய நிறுத்துங்க.

இப்ப நாம பூசற போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின்னு ஒரு கொத்தனார் 1824லயே பேடன்ட் வாங்கிட்டார், ஆனா அது வீட்டுக்கு வீடு வந்து சேர ரொம்ப காலம் ஆச்சு, அதனால உங்க வீடு அனேகமா சுண்ணாம்புக் காரைல கட்டினதாத்தான் இருக்கும். அந்த மாதிரி சுவர் தரையிலேர்ந்து ஈரத்த இழுக்கும், காத்து பட்டா பூச்சு வழியா வெளிய விட்டுடும், இத்தன வருஷமும் அப்படியே தான் நின்னுருக்கு. அது மேல சிமெண்ட் பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம இன்னும் மேல ஏறும், நாலடில இருந்த ஓதம் ஆறடிக்கு போயிடும், அப்ப மறுபடி மேஸ்திரிய கூப்பிட்டு ஆறடிக்கு பூசுவீங்க. தண்ணியோட வந்த உப்பு உள்ளயே தங்கி படிகமாகி செங்கல்லோட மொகத்தையே உடைக்கும். இப்படி பூசின சுவர விரல் கணுவால தட்டிப் பாருங்க, டொக் டொக்னு பொள்ளலா சத்தம் வரும். அந்த எடத்துல பூச்சு பாளம் பாளமா கழண்டு வரும், பின்னாடி செங்கல் பொடி கையில கொட்டும். வெளிய பாத்தா சுவர் என்னவோ பளபளன்னு தான் இருக்கும், அதான் கொடுமை.

ஓதத்துக்கு பூச்சு மருந்தே இல்ல, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தான் தேடணும். ஓடு நகர்ந்திருக்கா, கூரைத் தண்ணி சுவரோரமாவே விழுதா, வெளிய மண்ண கொட்டிக் கொட்டி உள் தரைய விட ஒசந்து போச்சா, பழைய குழாய் எங்கயாவது கசியுதா. நான் பாத்த வரைக்கும் பாதி வீட்டுல வெளிய மண்ண எறக்கி, தண்ணிக்கு ஒரு வாட்டம் குடுத்ததுலயே பாதிப் பிரச்சன போயிருக்கு. அப்புறம் காய விடுங்க, மாசக்கணக்குல ஆகும், அவசரப்படாதீங்க. சுண்ணாம்புப் பூச்சுக்கும் பொறுமை வேணும். சுண்ணாம்புக் கல்ல சுமார் 900 டிகிரில சுட்டு, தண்ணி ஊத்தி நீத்து, மணலோட கலந்து பூசறோம், அது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைட மெதுவா இழுத்து திரும்ப கல்லாகுது, அது வரைக்கும் சட்டுனு வெயில்ல காஞ்சிடாம ஈரம் காட்டிக்கிட்டே இருக்கணும். மேல பிளாஸ்டிக் மாதிரி படியற எமல்ஷன் பெயிண்ட் அடிச்சீங்கன்னா அத்தனையும் வீண், சுண்ணாம்பே அடிங்க.

விரிசல் இருக்கா? இருந்தா ஒடனே அடைக்காதீங்க. ரெண்டு முனைலயும் பென்சில்ல குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதி வைங்க. மழை வெயில் எல்லாம் ஒரு சுத்து வந்தப்புறமும் கோட்டத் தாண்டலன்னா அது எப்பவோ நின்னு போன விரிசல், தாண்டுச்சுன்னா தான் அஸ்திவாரம் தெரிஞ்ச ஆள கூப்பிடணும். உத்திரத்துல சுவருக்குள்ள போற முனை தான் மொதல்ல உளுக்கும், ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க, உள்ள எறங்குச்சுன்னா அந்த முனைய மட்டும் வெட்டிட்டு புது மரம் ஒட்டுப் போடலாம், முழு உத்திரத்தையும் தூக்கிப் போடச் சொன்னா இன்னொரு தச்சர கேளுங்க.

இன்ஜினியர் விஷயம் வேற மாதிரி. அவர் ஆசை பழைய ஆசை, பிரான்ஸ்ல வியோலே லெ டுக்னு ஒரு கட்டடக் கலைஞர், ஒரு கட்டடம் எந்தக் காலத்துலயும் இல்லாத அளவுக்கு அத முழுசாக்கறதும் சீரமைப்பு தான்னு எழுதினவர். இந்த மாதிரி வேலைய எதிர்த்து தான் வில்லியம் மோரிஸ்ங்கற கவிஞர் 1877ல இங்கிலாந்துல ஒரு சங்கமே ஆரம்பிச்சார், பழுது பாருங்க போதும், பழசா ஜோடிக்காதீங்கன்னு. பழைய கட்டடங்கள எப்படிப் பாதுகாக்கறதுன்னு பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 1964ல எழுதின வெனிஸ் சாசனம் இன்னும் தெளிவு: ஊகம் ஆரம்பிக்கற எடத்துல சீரமைப்ப நிறுத்திடணும், புதுசா வைக்கறது பழசோட ஒத்துப் போகணும் ஆனா புதுசுன்னு தெரியணும். உங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு போட்டோ. அதுல தெரியற கைப்பிடிய பண்ணலாம், தெரியாத பின்கட்ட அவர் எதப் பாத்து பண்ணுவார்? மனசுல தோணினத தான் பண்ணுவார், வர்றவங்க அத நூறு வருஷத்துதுன்னு நம்பி போட்டோ எடுத்துட்டுப் போவாங்க.

பாத்ரூம் தான் உண்மையான தலைவலி. எல்லா ரூமுக்கும் ஒண்ணொண்ணு வேணும்னு நெனச்சு பழைய சுவர இடிச்சுடாதீங்க, மரத் தளத்து மேல வைக்காதீங்க, குழாய சுவருக்கு உள்ள பதிக்காம வெளியவே விடுங்க, அசிங்கமா இருந்தாலும் கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும். வயரிங் முழுசா புதுசு, எர்த் கட்டாயம். லைசென்ஸ், ஃபயர், இன்சூரன்ஸ் மூணும் ஆள் தங்க வர்றதுக்கு முன்னாடியே.

இப்ப அம்மா. லாங்லீட்னு இங்கிலாந்துல ஒரு பெரிய வீடு, வாரிசு வரி தாங்காம 1949ல டிக்கெட் போட்டு ஜனங்களுக்கு தொறந்தாங்க. அதே இங்கிலாந்துல பியூலிங்கற ஊர்ல இருக்கற தன் வீட்ட 1952ல மான்டேகு பிரபு தொறந்தப்ப பழைய கார கொண்டு வந்து ஹால்லயே நிறுத்தினார். கார பாக்க கூட்டம் வந்துச்சு, குடும்பம் அந்த வீட்டுலயே ஒரு பக்கம் தனியா இருந்துச்சு. வர்றவங்களுக்கு எல்லா கதவும் தொறக்கணும்னு யார் சொன்னது? அந்த ரூம பூட்டி சாவிய அம்மா கிட்ட குடுத்துடுங்க, அஞ்சு ரூமுக்கு நாலு ரூம் விடுங்க, வருமானம் அந்த அளவுக்கு கொறையட்டும். அம்மாவுக்கு எப்ப தோணுதோ அப்ப தொறக்கட்டும், தோணவே இல்லன்னாலும் சரி.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா கடிதத்துல அண்ணன் பேரு ஒரே ஒரு தடவ தான் வருது. கூரை ஓடு மாத்த யார் காசு போடறது, ஒருத்தர் பங்க விக்கணும்னா போட்ட காசுக்கு என்ன கணக்கு, வருஷத்துல எத்தன நாள் வீடு குடும்பத்துக்கு மட்டும்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. அதுக்கப்புறம் மண்வெட்டிய எடுத்தாப் போதும்.