காட்டுத்தீ ஆபத்தைக் குறைக்க ஊர்களுக்கு அரசு பணம் கொடுப்பதால் பயன் உண்டா? பெரிய காடு இல்லாத யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்துமா?

பயன் உண்டு, தீ பிடிப்பதற்கு முன்னரே கொடுத்தால். யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும். இதை நான் எங்கள் அடுப்படி எரிந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம். எங்கள் வளவுக்கு ஒரு காணி தள்ளிப் பனங்காணி ஒன்று இருக்கிறது, சொந்தக்காரர் கனடாவில். சில வருடங்களுக்கு முன் ஆடி மாதம், சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) பலமாக வீசிய ஒரு மத்தியானம், யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு அந்தக் காணியின் வடலிக்குள், அதாவது இளம் பனைகளுக்குள், புகுந்துவிட்டது. வடலி எரிந்ததோடு நின்றிருந்தால் சமாளித்திருப்போம். பெரிய மரங்களில் வருடக்கணக்காக வெட்டாமல் தொங்கிய காவோலையில், அதாவது காய்ந்த பனை ஓலையில், பிடித்துக்கொண்டது. எரிகிற ஓலைத் துண்டுகள் காற்றோடு பறந்து வந்தன. நடுவில் இருந்த தோட்டக் காணியில் ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாண்டி வந்து எங்கள் கிடுகு வேலியில் விழுந்து, அங்கிருந்து அடுப்படிக் கூரைக்கு ஏறியது. கிணற்று மோட்டாரும், பச்சை வேப்பங்கொப்பும், ஓடிவந்த அயலவர்களும்தான் வீட்டைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கும் காற்று பலமாக வீசினால் அம்மா எழுந்து போய் வேலியைப் பார்ப்பார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். அமெரிக்காவிலும் காட்டுத்தீயில் எரியும் வீடுகளில் பெரும்பாலானவற்றைப் பற்றவைப்பது பறந்து வரும் தணல்தானாம். அதனால் வீட்டுச் சுவரை ஒட்டிய 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்கிறார்கள். ஹவாயில் லஹைனா நகரம் 2023 ஓகஸ்ட் 8ஆம் திகதி எரிந்தபோது 102 பேர் இறந்தார்கள். அங்கே எரிந்து வந்தது அடர்ந்த காடல்ல. கைவிடப்பட்ட கரும்புத் தோட்டக் காணிகளில் மண்டிக் காய்ந்து கிடந்த கினிப்புல்லும் அது போன்ற புற்களும். ஆளில்லாத காணி, காய்ந்த பற்றை, பலத்த காற்று. இதில் எது எங்கள் ஊரில் இல்லை?

சரி, நிதிக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2021இல் வந்த உட்கட்டமைப்புச் சட்டத்தில், காட்டுத்தீயிலிருந்து ஊர்களைக் காக்க 5 வருடங்களுக்கு 100 கோடி டொலர் ஒதுக்கினார்கள். அந்நாட்டு வனச் சேவை அதை மானியமாகக் கொடுக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, திட்டம் போடுவதற்கே தனியாகப் பணம் கொடுப்பது. ஊர்ப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுத 2,50,000 டொலர் வரை. அந்தத் திட்டத்தில் சொன்ன வேலைகளைச் செய்ய 1 கோடி டொலர் வரை. திட்டத்தை உள்ளூராட்சி, தீயணைப்புத் துறை, மாநில வனத் துறை மூன்றும் ஏற்றிருக்க வேண்டும், அது 10 வருடத்துக்குமேல் பழையதாக இருக்கக்கூடாது. ஆபத்து அதிகமுள்ள, வருமானம் குறைந்த, முன்பே அனர்த்தம் கண்ட ஊர்களுக்கு முன்னுரிமை. இது இல்லாவிட்டால், விண்ணப்பம் எழுதத் தெரிந்த வசதியான ஊர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி எதற்குப் போகிறது என்று பார்த்தால் பற்றை வெட்ட, காய்ந்த மரத்தை அகற்ற. இதை எங்கள் அப்பு காலத்தில் ஒருவரும் காசு கொடுத்துச் செய்யவில்லை. வேலி அடைக்க ஓலை வேண்டும், கூரை வேயவும் ஓலை வேண்டும், புகையிலைத் தோட்டத்தில் உரமாக மண்ணுக்குள் தாழ்க்கவும் ஓலை வேண்டும். பனை தானாகவே சுத்தமாக இருந்தது. இப்போது வேலி இருந்த இடத்தில் மதில், கூரைக்குத் தகரமும் ஓடும், தோட்டத்துக்கு உரப்பை. மரம் ஏறத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். காவோலை மரத்திலேயே தொங்குகிறது. முன்பு பிழைப்போடு சேர்ந்து நடந்த வேலைக்கு இப்போது கூலி கொடுத்தாக வேண்டும், அதுதான் உண்மை. அந்தக் கூலியைத் தனி ஆள் தலையில் கட்ட முடியாது, ஏனென்றால் நெருப்பு காணி உறுதியில் (பத்திரத்தில்) போட்ட எல்லையைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர்க் கூட்டங்களில் அனர்த்தம் என்றால் வெள்ளம், புயல், வறட்சி பற்றித்தான் பேச்சு. நெருப்பையும் அதில் சேர்க்கச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கோடிக்கணக்கில் வேண்டாம். மாசி, பங்குனியில் மரம் ஏறுபவர்களுக்கு இரண்டு கிழமைக் கூலியும், வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிக்குள் இறங்க ஒரு வழியும் கிடைத்தால் ஒரு கிராமத்துக்குப் போதும்.

அந்தப் பனங்காணியின் அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரர் சார்பில் செயற்படும் சட்ட அதிகாரம்) வைத்திருக்கும் அண்ணையிடம் போய்ப் பேசினேன். அவர் கனடாவுக்கு அழைத்துச் சொன்னார், சொந்தக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் கூலியை அனுப்பினார். போன பங்குனியில் காவோலை முழுவதும் இறக்கியாயிற்று. பக்கத்தில் இன்னும் நான்கு காணிகள் இருக்கின்றன, அவற்றில் இரண்டுக்குச் சொந்தக்காரர் யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை.